பச்சைத்தோல் கயிறு

மாட்டுத்தோலின் ஒரு பாதியை உப்போடு சுருட்டி, கறுப்புப் பொலித்தீனில் பொதிந்து, காரின் பின் இருக்கையில் கிடத்தி, அதற்குச் சீட் பெல்ட்டும் போட்டுவிட்டு யசிந்தா வெஸ்ட்மீட்டிலிருந்து டூங்காபியில் இருக்கும் தன் வீட்டுக்குப் புறப்பட்டாள். தோலைத் தேடிக் கொடுத்ததும் பெல்ட் போடச் சொன்னதும் கூட வேலை செய்கிற கிர்ஸ்டி. "சடன் பிரேக் அடிச்சியெண்டால் அது எழும்பி முன்னுக்கு வந்து உன்ர மடியில இருக்கும்" என்று சொல்லிச் சிரித்திருந்தாள். வழியில் சிவப்பு விளக்கு விழுந்த இடமெல்லாம் யசிந்தா திரும்பிப் பின்னால் பார்த்தாள், தூரத்து உறவினர் ஒருவரை விமான நிலையத்திலிருந்து ஏற்றி வருகிறவளைப் போல. மணம் முன் இருக்கைக்கு வந்துவிட்டது. ஜன்னலை இறக்கினாள். செப்டம்பர் காற்று முகத்தில் அடித்தபோதுதான், தான் ஏதோ பாடிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

பாடி எவ்வளவு காலம்!

கிர்ஸ்டி பேசுவது இங்கிலீஷ். யசிந்தாவின் காதுக்குள் இறங்கும்போது அது மன்னார்த் தீவில் அவள் பிறந்த பேசாலையின் தமிழாக மாறிவிடும். வீட்டில் மகள் அனோஜினியிடம் திருப்பிச் சொல்லும்போதும் அந்தத் தமிழில்தான் சொல்வாள். கிர்ஸ்டிக்கு முப்பது வயது இன்னும் ஆகவில்லை. குயின்ஸ்லாந்தின் உட்புறத்தில், அடுத்த வீட்டுக்குப் போவதென்றால் பெற்றோல் நிரப்பிக்கொண்டு போகவேண்டிய ஒரு மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள். இப்போது மருத்துவமனையின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதி. யசிந்தாவுக்கு அங்கே கீழ்மாடியில் வேலை: கத்தரிக்கோல்களையும் இடுக்கிகளையும் கழுவி, அடுக்கி, நீராவியில் அவித்து மேலே அனுப்பவேண்டும். இருவருக்கும் தேநீர் அறை ஒன்றுதான்.

அந்த அறையில்தான் ஒரு நாள் கிர்ஸ்டி அலமாரிக் கைப்பிடியில் நாலு தோல் வார்களைக் கொளுவிவிட்டுப் பின்னிக்கொண்டிருந்தாள். வலது ஓரத்து வாரைப் பின்னால் கொண்டுபோய், இரண்டைத் தாண்டி, ஒன்றுக்கு மேலாகத் திருப்பி எடுத்தாள். பிறகு இடது ஓரத்து வார். அதே வழி. கைகள் போகிற வேகத்தில் வார்கள் ஒன்றையொன்று விழுங்கி உருண்டையான ஒரு கயிறாக வெளியே வந்தன. யசிந்தாவின் தேத்தண்ணி ஆறிப்போனது. மன்னார்க் கரையில் வலையோடு வளர்ந்த கை அவளுடையது. அது மடியில் தானாகவே அசைந்தது.

"என்ன, பழகப் போறியோ?" என்றாள் கிர்ஸ்டி.

"ஓம்" என்றாள் யசிந்தா. வேறு யோசனை எதுவும் செய்யவில்லை.

முதலில் சாவிக்கொத்துக்கு ஒரு பின்னல். பிறகு கைக்கு ஒரு வளையம். பிறகு நாய் பிடிக்கிற வார் ஒன்று. ஒவ்வொன்றையும் கிர்ஸ்டி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இந்த இடத்தில உனக்கு ஆரோ ரெலிபோன் எடுத்திருக்கினம்" என்று தளர்ந்த இடத்தைச் சரியாகக் காட்டுவாள். யசிந்தா வாய்விட்டுச் சிரிப்பாள். அந்த அறையில் அவள் சிரித்து மற்றவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு கிர்ஸ்டியின் கயிறு அறுந்தது.

அது சாமான்யக் கயிறு இல்லை. மாடு பிடிக்கிற கயிறு. கிர்ஸ்டியும் அவளுடைய அண்ணனும் இரண்டு மச்சான்மாரும் ஒரு குழு. ரிச்மண்டுக்கு அப்பால் ஒரு புல்வெளியில் செப்டம்பர்க் கடைசிச் சனிக்கிழமை போட்டி; மற்ற மூவரும் குயின்ஸ்லாந்திலிருந்து வரவேண்டும். குதிரையில் இருப்பவர் கன்றுக் கூட்டத்துக்குள் சுருக்கெறிந்து ஒன்றைப் பிடிக்கவேண்டும். கயிற்றின் மறு நுனி குதிரையின் மார்ப்பட்டையில் இருக்கும். குதிரை கன்றை மரச் சட்டம் வரைக்கும் இழுத்துவரும். நிலத்தில் நிற்பவர்கள் காலைக் கட்டிச் சாய்த்துக் குறி போடுவார்கள். முன்னாளில் சூட்டுக்குறி, இப்போது பெயின்ற் தடவுவதோடு சரி. அந்தப் போட்டியில் நைலோன் கயிறு செல்லாது. பதனிடாத பச்சைத்தோலில் செய்த கயிறுதான் வேண்டும்.

"வேற ஒண்டு வாங்கேலாதோ?" என்று கேட்டாள் யசிந்தா.

"இப்ப ஓடர் குடுத்தா கிறிஸ்மஸ் தாத்தாவோட சேர்ந்துதான் வரும். அண்ணையவைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லப்போறன்."

"சொல்லாத. நான் பின்னித் தாறன்."

கிர்ஸ்டி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "யாஸ், இது சாவிக்கொத்து இல்லை. இதின்ர ஒரு நுனியில குதிரை நிக்கும். மற்ற நுனியில இருநூறு கிலோக் கன்று விசர் பிடிச்சு நிக்கும்."

"விளங்குது. நான் பின்னித் தாறன்."

சொன்ன பிறகுதான் யசிந்தா யோசித்தாள். கணவன் பொனிபஸ் இறந்துபோன பிறகு, இந்த இரண்டு வருஷத்தில், அவள் எதையும் முடித்ததில்லை. வீட்டில் பாதி தைத்த திரைச்சீலை கிடந்தது. பாதி கொத்திய மிளகாய்ப் பாத்தி கிடந்தது. பாதி வாசித்துக் குப்புறக் கவிழ்த்த புத்தகங்கள் கட்டிலின் அவர் பக்கத்தில் வரிசையாகக் கிடந்தன. எதைத் தொடங்கினாலும் நடுவில் ஒரு இடம் வரும்; அந்த இடத்தில் கை நின்றுவிடும். இந்தக் கயிறு நடுவில் நின்றால் மூன்று பேர் ஆயிரம் மைல் வந்து வெறுங்கையோடு நிற்பார்கள். அதை நினைக்கப் பயமாக இருந்தது. அந்தப் பயம் அவளுக்கு நன்றாகவும் இருந்தது.

*

வீட்டின் பின்வளவில் நீல டிரம் ஒன்றில் தோல் ஊறியது. மயிர் கழன்று வரத் தொடங்கிய நாளில் வேலிக்கு மேலால் மீனாம்பாள் எட்டிப் பார்த்தாள். கோயம்புத்தூர்க்காரி, மகனோடும் மருமகளோடும் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். முட்டைகூட வாங்காத வீடு.

"யசிந்தா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க பக்கத்துலருந்து ஒரு வாடை வருது. எலி ஏதாவது செத்துக் கிடக்குதான்னு பாருங்களேன்."

"எலி இல்லை அக்கா. மாடு."

"என்னது?"

"முழு மாடு இல்லை. பாதித் தோல்."

மீனாம்பாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். போய்விடுவாள் என்றுதான் யசிந்தா நினைத்தாள். அவள் போகவில்லை. "எதுக்குங்க?" என்று தலைப்புக்குள்ளிருந்தே கேட்டாள். யசிந்தா குதிரையைச் சொன்னாள், கன்றைச் சொன்னாள், சுருக்கெறிவதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுடைய கைகள் காற்றில் சுருக்கு வீசின. மீனாம்பாளின் நாய் லட்டு வேலி இடுக்கில் மூக்கை நுழைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக உயிர் வந்ததுபோல வாலை ஆட்டியது. தயிர்ச்சோறு சாப்பிட்டு வளர்ந்த நாய் அது.

"அடச்சீ, இங்க வா!" என்று மீனாம்பாள் அதை இழுத்துக்கொண்டு போனாள்.

அனோஜினிக்கு வேறு கவலை. ஹரிஸ் பார்க்கில் மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்கிற பிள்ளை. "அம்மா, பிளீஸ். என்ர யூனிபோம் மணக்குது. கஸ்டமர் ஒராள் என்னட்ட வந்து, நீங்க பண்ணையிலயோ இருக்கிறீங்கள் எண்டு கேக்குது."

"ஓம் எண்டு சொல்லன்."

"சீரியஸா, உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள் அனோஜினி. கேட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவள் எதைக் கண்டாளோ, அடுத்த நாள் யூனிபோமை அவளே தனியாகத் துவைத்தாள்; முறைப்பாடு நின்றுவிட்டது.

மயிர் சுரண்டி, பழைய கட்டில் சட்டத்தில் நாலு புறமும் இழுத்துக் கட்டிக் காயவைத்தபோது தோல் மேளம்போல் ஆனது. விரலால் சுண்டினால் பேசியது. முதுகுப் பக்கம்தான் உரமான பக்கம் என்று கிர்ஸ்டி சொல்லியிருந்தாள். வயிற்றுப் பக்கம் இழுபடும். அதனால் யசிந்தா முதுகுப் பக்கத்தில் தட்டுத் தட்டாக வட்டங்கள் வெட்டினாள். ஒரு மரக்கட்டையில் கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, வட்டத்தின் ஓரத்தை அதில் கொடுத்துச் சுற்றிச் சுற்றி இழுத்தால், தோடம்பழத் தோலை அறாமல் உரிக்கிற மாதிரி, தட்டு ஒன்று முழுவதும் ஒரே நீளமான வாராக வந்துவிடும். முதல் வார் கத்திக்கு மற்றப் பக்கம் பாம்புபோல் நெளிந்து இறங்கியபோது அவள் "அனோ! அனோ! ஓடி வா!" என்று கத்தினாள். பிள்ளை பதறி ஓடி வந்து, விரல் ஏதும் போய்விட்டதோ என்று கையைப் பிடித்துப் பார்த்தது.

நாலு வார் சேர்ந்தன. உடுப்புக் காயப்போடுகிற கம்பத்தில் கொளுவினாள். வார்களை வாளித் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, சொட்டச் சொட்ட எடுத்துப் பின்னினாள். வலது, பின்னால், இரண்டைத் தாண்டி, மேலாக. இடது, பின்னால், இரண்டைத் தாண்டி, மேலாக. ஈரத் தோல் பட்டுப்போல வழிந்தது. வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றாமல் பின்னினாள். ஞாயிறு பூசை முடிந்து வந்தும் பின்னினாள். கயிறு கம்பத்திலிருந்து நீண்டு வளர்ந்து, மிளகாய்ப் பாத்தியைத் தாண்டி, வேலியடிக்கு வந்துவிட்டது. அவளுடைய கை வழக்கமாக நின்றுவிடுகிற நடு இடம் எப்போது கடந்து போனது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

கடைசி முடிச்சைப் போட்டபோது அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். பிறகு கயிற்றை நிழலில் நீட்டிக் காயவிட்டாள்.

*

போட்டி நடக்கிற வாரத்துத் திங்கட்கிழமை கிர்ஸ்டி வீட்டுக்கு வந்தாள். காய்ந்த கயிற்றைக் கையில் எடுத்தாள். இரண்டு கையாலும் எதிரெதிராகத் தள்ளினாள். வார்கள் விலகின, இடையில் வெளிச்சம் தெரிந்தது. அந்த இடைவெளிக்குள் தன் சின்ன விரலை விட்டுக் காட்டினாள்.

யசிந்தா கயிற்றை வாங்கித் தானும் விரலை விட்டுப் பார்த்தாள். "நான் இறுக்கித்தான் பின்னினனான். ஆணையாய்."

"எவ்வளவு ஈரத்தில?"

"நல்லா நனைச்சுத்தான். முடிச்சு எண்டால் நனைச்சுத்தானே இறுக்கிறது?"

கிர்ஸ்டி படியில் குந்தினாள். "ஆர் அப்பிடிச் சொன்னது?"

யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத விஷயம் அது. பேசாலையில் வலை முடிகிற எவரும் முடிச்சைத் தண்ணீரில் தொட்டோ வாயில் வைத்து ஈரப்படுத்தியோதான் இறுக்குவார்கள். நூல் நனைந்தால் முடிச்சு அசையாது. யசிந்தாவின் விரல்களுக்கு அது மூச்சு விடுவதைப் போலத் தெரிந்த ஒன்று. தோலிடம் அந்தக் கணக்கு தலைகீழாக நின்றது. தோல் ஊறும்போது பருக்கும், காயும்போது மெலியும். ஊறிப் பருத்த வாரைப் பின்னினால், அது காய்ந்து மெலிகிறபோது பின்னலுக்குள் காற்றுத்தான் மிஞ்சும்.

"இதில கன்றைப் பிடிச்சா ஒவ்வொரு வாரும் தனித்தனியா இழுபடும். ஒண்டு போனால் எல்லாம் போகும்." கிர்ஸ்டி மெதுவாகச் சொன்னாள். "பரவாயில்லை யாஸ். முதல் கயிறு ஆருக்கும் இப்பிடித்தான். அண்ணைக்கு இண்டைக்கே சொல்லிவிடுறன். புதன் காலமை அவையள் வெளிக்கிடுறதுக்கு முதல்."

"புதன் காலமைதானே வெளிக்கிடுகினம்?"

"ஓம்."

"அப்ப செவ்வாய் பின்னேரம் சொல்லு."

யசிந்தா கடைசி முடிச்சில் கை வைத்து அவிழ்க்கத் தொடங்கினாள். கிர்ஸ்டி பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு அவளும் மற்ற நுனிக்குப் போய்க் குந்தியிருந்து அவிழ்த்தாள். பொழுது படுவதற்குள் நாலு வாரும் சுருள் சுருளாகப் புல்லில் கிடந்தன.

"அப்ப எவ்வளவு ஈரம் வேணும்? சரியாச் சொல்லு" என்று கேட்டாள் யசிந்தா.

"அதுதான் சொல்லேலாது. ஈரமா இருக்கக் கூடாது. காய்ஞ்சும் இருக்கக் கூடாது. அப்பா கன்னத்தில வைச்சுப் பாப்பார். குளிரோணும், நனைக்கக் கூடாது எண்டுவார்."

யசிந்தா வார்களை நனைத்துத் துவாயில் சுற்றினாள். ஒன்றைக் கன்னத்தில் வைத்தாள். குளிர்ந்தது. நனைந்த மாதிரியும் இருந்தது. நனையாத மாதிரியும் இருந்தது. அவளுக்குக் கன்னத்தை நம்பத் தெரியவில்லை. கிர்ஸ்டி போன பிறகும் வாரைக் கன்னத்தில் வைத்தபடியே குசினிக்குள் வந்தாள்.

அனோஜினி புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, உதைக் கொண்டு இதுக்குள்ள வராதேங்கோ! சரி, வந்தனீங்கள்தானே, மாவுக்குத் தண்ணி போதுமோ எண்டு பாருங்கோ."

யசிந்தா பழக்கத்தில் ஒரு பிடி மாவை அள்ளிப் பொத்தினாள். பிடித்தால் பிடியாக நின்றது. பெருவிரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்தது. கையில் ஈரம் ஒட்டவில்லை. ஆனால் மா குளிர்ந்திருந்தது.

அவள் இன்னொரு பிடி அள்ளிப் பொத்தினாள்.

"போதுமோ?"

"பதம்" என்றாள் யசிந்தா. "பிள்ளை, இதுதான் பதம்!" மாக் கையோடு பின்வளவுக்கு ஓடினாள். வாரைப் பொத்திப் பிழிந்தாள்: ஈரம் விரலில் ஒட்டியது. கூடிவிட்டது. துவாயை விரித்து ஆறவிட்டு மறுபடி பிழிந்தாள். அனோஜினி கதவடியில் நின்று, "புட்டு நான் அவிக்கட்டோ, இல்லாட்டில் அதையும் கொடியில போடப் போறீங்களோ?" என்று கேட்டாள். யசிந்தாவுக்கு அது காதில் விழவில்லை. மூன்றாவது தடவை பிழிந்தபோது தோல் வளைந்து கொடுத்தது, குளிர்ந்தது, கையை நனைக்கவில்லை. அந்தத் தொடுகையை அவள் நாற்பது வருஷமாக அறிவாள். அது இங்கே வந்து நிற்கும் என்று நினைத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய் மத்தியானம், வெட்டி மிஞ்சிய தோலில் முழம் நீளத்துக்குப் பின்னிய துண்டு ஒன்றை வெயிலில் காயவைத்துக் கொண்டுபோய்த் தேநீர் அறையில் கிர்ஸ்டியின் முன்னால் வைத்தாள். கிர்ஸ்டி தள்ளினாள். முறுக்கினாள். நகத்தை விட்டுப் பார்த்தாள். நகம் போகவில்லை. ரெலிபோனை எடுத்து அண்ணனுக்கு, "வாங்கோ" என்றாள்.

*

புதன்கிழமை யசிந்தாவுக்கு லீவு. காலையில் வார்களைப் பதத்துக்கு எடுத்து, துவாயோடு கதிரையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனாள். திரும்பி வந்தபோது துவாய் புல்லில் கிடந்தது. மூன்று வார் இருந்தன.

வேலிக்கு அப்பால் மீனாம்பாளின் குரல் கேட்டது. "லட்டு! வாயில என்னடா அது? ஐயையோ! யசிந்தா! இங்க ஓடி வாங்க!"

வேலிக்கு அடியால் புகுந்து வந்துபோன லட்டு, மீனாம்பாளின் மகனுடைய காருக்கு அடியில் படுத்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, சொர்க்கத்தில் இருப்பதைப் போல மென்றுகொண்டிருந்தது. இழுத்து எடுத்தபோது வாரில் பாதிதான் மிச்சம். அதுவும் பல்லுப்பட்டுக் கந்தலாக இருந்தது.

"வீட்ல பன்னீரைத் தவிர எதையும் கண்ணுல காட்டினதில்லைங்க. எங்கேருந்து இந்தப் புத்தி வந்துச்சோ!" மீனாம்பாளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. "என்ன பண்றது இப்போ? சொல்லுங்க. அந்தப் பசங்க கிளம்பிட்டாங்களா?"

"கிளம்பிட்டினம், அக்கா."

முதுகுத் தோல் முடிந்துவிட்டது. கட்டில் சட்டத்தில் வயிற்றுப் பக்கத்துத் துண்டுதான் இருந்தது; இழுபடுகிற தோல். யசிந்தா அதைச் சுண்டிப் பார்த்தாள். சத்தம் மந்தமாக வந்தது. வேறு வழியில்லை. மற்றதைவிடக் கொஞ்சம் அகலமாக வெட்டினால் உரம் சரிக்கட்டும். பின்னுவதற்கு முதலே இழுத்து வைத்துவிட்டால், பிறகு இழுபட மிச்சம் இராது. அகலமான வாரைக் கத்தியில் கொடுத்து வெட்டத் தனியொரு ஆளுக்குப் பலம் போதாது. ஒருவர் தட்டைச் சுற்றிக் கொடுக்க, இன்னொருவர் வாரை இழுக்கவேண்டும். அனோஜினி வேலைக்குப் போய்விட்டாள்.

மீனாம்பாள் வீட்டுக்குள் போனாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற மஞ்சள் கையுறையும் கொரோனாக் காலத்து முகமூடியும் போட்டுக்கொண்டு வந்தாள். முகமூடிக்குள்ளே ஒரு கற்பூரக்கட்டியும் வைத்திருந்தாள்.

"எங்க புடிக்கணும், சொல்லுங்க. என் பையன்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க."

"இதில. நேரா இழுக்கோணும். வெடுக்கெண்டு இழுக்காதேங்கோ, ஒரே மட்டா."

"முருகா" என்றுவிட்டு மீனாம்பாள் இழுத்தாள்.

வார் கத்தியைத் தாண்டி வரத் தொடங்கியது. யசிந்தாவின் கைக்குள் தட்டுச் சுழன்றது. மறு நுனியில் ஒரு ஆள் இருக்கிற இழுப்பு. தான் கொடுத்தால் அங்கே எடுக்கிற, தான் நிறுத்தினால் அங்கேயும் நிற்கிற இழுப்பு. பொனிபஸ் வலையின் மறு தலைப்பில் இருந்து இழுக்கும்போது இப்படித்தான் இருக்கும். இரண்டு வருஷமாக அவள் எதைப் பிடித்தாலும் மறு நுனி சும்மா கிடந்தது. கண் கலங்கியது, கத்தி முன்னால் இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

"நிறுத்தவா?" என்றாள் மீனாம்பாள்.

"வேண்டாம் அக்கா. இழுங்கோ. நல்லா வருது."

முழு வாரும் வந்து விழுந்தபோது மீனாம்பாள் முகமூடியை இறக்கிவிட்டு, "அடேங்கப்பா, எவ்ளோ நீளம்! இதை நானா இழுத்தேன்?" என்றாள். வாரை ஈரத்தோடு கம்பத்தின் உச்சியில் சுற்றிச் சுற்றிக் கொளுவி, கீழே பெரிய பாஸ்மதி அரிசிப் பையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பை இறங்கி இறங்கி, பின்னேரம் அளவில் புல்லைத் தொட்டு நின்றது. அதற்குமேல் இழுபட அந்த வாரில் ஒன்றும் இல்லை.

அன்று மாலையும் வியாழனும் யசிந்தா பின்னினாள். வலது, பின்னால், இரண்டைத் தாண்டி, மேலாக. ஒவ்வொரு இழைப்புக்கும் குதியை நிலத்தில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தாள். வார் உலர்ந்தால் ஈரத் துவாயால் ஒற்றி, பொத்திப் பார்த்து, பதம் வந்ததும் தொடர்ந்தாள். அனோஜினி வேலையால் வந்து, உடுப்பு மாற்றாமல், பின்னி முடிந்த பகுதியை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் காலால் உருட்டினாள். "என்ர ஃபிரெண்ட்ஸ் யோகாவுக்குப் போகினம்" என்று முணுமுணுத்துக்கொண்டே உருட்டினாள். வெள்ளிக்கிழமை காற்றும் வெயிலும் கயிற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டன. அன்று பின்னேரம் யசிந்தா கொழுப்புத் தடவும்போது ஒவ்வொரு சாணுக்கும் நகத்தை விட்டுப் பார்த்தாள். எங்கும் போகவில்லை. நாலு வாரில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெளிறி, பின்னல் நெடுகச் சுற்றிச் சுற்றித் தெரிந்தது.

*

ரிச்மண்டுக்கு அப்பால் புல்வெளியில் சனிக்கிழமை தூசி பறந்தது. சொசேஜ் புகை, குதிரைச் சாணம், ஒலிபெருக்கி. கிர்ஸ்டியின் அண்ணன் ஆறடிக்கு மேல் உயரம். கயிற்றை வாங்கி வாகனத்தின் பின்கொளுவியில் மாட்டி, முழு உடம்பையும் கொடுத்துச் சாய்ந்தான். கயிறு சின்னதாக ஒரு முனகல் முனகியது. வெளிறிய வாரில் விரல் வைத்து, "இது வயித்துத் தோல்தானே?" என்று கேட்டான்.

"ஓம்" என்றாள் யசிந்தா. "இழுத்து வைச்சுப் பின்னினது."

"எதால இழுத்தனீங்கள்?"

"அரிசியால."

அவன் தங்கையைப் பார்த்தான். கிர்ஸ்டி குதிரையில் ஏறிக்கொண்டு, "கயிறு என்ர. பதம் பாத்துப் பின்னினது" என்றாள். இங்கிலீஷுக்கு நடுவில் 'பதம்' என்ற தமிழ்ச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு அனோஜினி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

யசிந்தா வேலியின் இரண்டாவது குறுக்குக் கம்பியில் ஏறி நின்றாள். கூட்டத்துக்குள் கிர்ஸ்டி குதிரையை மெதுவாக விட்டாள். கயிறு அவள் தலைக்கு மேலே ஒரு தரம், இரண்டு தரம் சுழன்றது. எறிந்தாள். சுருக்கு ஒரு முதுகில் பட்டு வழுக்கி விழுந்தது. யசிந்தா "ஐயோ மாதாவே" என்றாள். கிர்ஸ்டி கயிற்றை இழுத்துச் சுருட்டி மறுபடி எறிந்தாள். இந்தத் தடவை சுருக்கு ஒரு சிவப்புக் கன்றின் தலைக்கு மேலாகப் போய் இறங்கியது. கன்று என்று சொல்வது மரியாதைக்குத்தான். எருது அளவு இருந்தது.

அது பாய்ந்தது. கயிறு புல்லிலிருந்து எழும்பி ஒரே கோடாக நின்றது. டங்கென்று ஒரு சத்தம். குதிரை நாலு காலையும் ஊன்றிச் சாய்ந்தது. கன்று பின்னங்காலில் எழுந்து, முறுகி, முழுப் பாரத்தோடும் பக்கவாட்டில் விழுந்தது. கயிறு அதிர்ந்ததில் தூசி அதன் நெடுகிலும் புகைபோல் கிளம்பியது. யசிந்தாவின் கண் வெளிறிய வாரில்தான் இருந்தது. சூரியன் பட்டு அது மட்டும் தனியாகத் தெரிந்தது. அந்த வார் தனியாக எழும்புகிறதா, பின்னலை விட்டு விலகுகிறதா என்று மூச்சை அடக்கிப் பார்த்தாள். மற்ற மூன்றும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. அதுவும் அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஒரு மயிரிழை வெளிச்சம்கூட இடையில் வரவில்லை. குதிரை ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. கன்று கத்திக்கொண்டு சட்டத்தை நோக்கி வந்தது. அண்ணனும் மச்சான்மாரும் பாய்ந்து காலைக் கட்டினார்கள். பெயின்ற் தடவிய குறி விழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

"பிடிச்சிட்டுது! அம்மா, பிடிச்சிட்டுது!" அனோஜினி குதித்தாள். அவள் கையிலிருந்த ரெலிபோன் வானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

கிர்ஸ்டி நிற்கவில்லை. அவர்களுடைய குழு பிடிக்க இன்னும் கன்றுகள் இருந்தன, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சுருக்குக் கழன்றதும் கயிற்றை உதறிச் சுருட்டிக்கொண்டு மறுபடி கூட்டத்துக்குள் போனாள். சுருக்கு மேலே சுழன்றது. கறுத்தக் கன்று ஒன்று இடதுபக்கம் தனித்து ஓடியது. கிர்ஸ்டி அதைக் காணவில்லை போலிருந்தது.

"கறுத்தது! கறுத்ததைப் பிடி! இடப்பக்கம், இடப்பக்கம் பிள்ளை!" என்று யசிந்தா தொண்டை கிழியக் கத்தினாள். தமிழில்தான் கத்தினாள். கயிற்றின் நினைப்பே அவளுக்கு இப்போது இல்லை. எந்த நேரத்தில் மேல் கம்பிக்கு ஏறினாள் என்பதும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற தொப்பிக்காரர் ஒருவர், என்னவென்று விளங்காமலே, அவளோடு சேர்ந்து இடதுபக்கம் கை காட்டிக் கத்தத் தொடங்கினார்.

"அம்மா, இறங்குங்கோ, வேலி ஆடுது!"

"பொறு பிள்ளை, பொறு, எறியப் போறாள்!"

கிர்ஸ்டி குதிரையை இடதுபக்கம் திருப்பினாள்.